சர்வர் சாக்கெட்டைக் குறிப்பிட்ட ஐ.பி. முகவரியுடன் பிணைத்தல்

சாக்கெட் பிணைப்பு என்பது, ஒரு சர்வர் நிரல் தன் கணினியின் எந்த ஐ.பி. முகவரியில், எந்த போர்ட் எண்ணில் வரும் இணைப்புகளை ஏற்கப்போகிறது என்பதை இயங்குதளத்திடம் பதிவு செய்யும் செயலாகும். இணையதளம், தரவுத்தளம், மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு என எந்தச் சேவையை வழங்கும் நிரலும் தொடங்கும்போது இந்தப் பதிவைச் செய்கிறது. நிரலில் ஒரே ஒரு வரியில் முடிந்துவிடும் வேலைதான் இது. ஆனால் அந்தச் சேவையை வீட்டுக்குள் இருப்பவர் மட்டும் அணுக முடியுமா, உலகில் உள்ள எவரும் அணுக முடியுமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

அடிப்படைக் கருத்துகள்

ஐ.பி. முகவரி என்பது கணினிக்கு உரியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. துல்லியமாகச் சொன்னால் அது கணினியில் உள்ள பிணைய இடைமுகத்துக்கு உரியது. ஒரு கணினியில் கம்பிவழி பிணைய அட்டை ஒன்றும் வைஃபை அட்டை ஒன்றும் இருந்தால், இரண்டுக்கும் தனித்தனி முகவரிகள் இருக்கும். ஒரே அட்டைக்குப் பல முகவரிகளை வழங்கவும் முடியும். இவற்றுடன், எல்லாக் கணினிகளிலும் லூப்பேக் எனப்படும் மெய்நிகர் இடைமுகமும் உண்டு. கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ளப் பயன்படும் இதன் முகவரி 127.0.0.1 ஆகும்.

போர்ட் எண் என்பது ஒரே முகவரிக்கு வரும் பொதிகளில் எது எந்த நிரலுக்கு உரியது என்று பிரித்தறிய உதவும் எண். இது 16 பிட் அளவுடையது. ஆகவே 0 முதல் 65535 வரை மதிப்புகள் இருக்கலாம். இணையதளங்களுக்கு 80, 443 ஆகியனவும், டி.என்.எஸ். சேவைக்கு 53-உம், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 3306-உம் வழக்கமாகப் பயன்படுகின்றன.

சாக்கெட் என்பது நிரலுக்கும் பிணையத்துக்கும் இடையே இயங்குதளம் அமைத்துத் தரும் தொடர்பு முனை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யூனிக்ஸ் வகையான 4.2 பி.எஸ்.டி. 1983-இல் வெளிவந்தபோது, சாக்கெட் முறையும் அதனுடன் வந்தது. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய இன்றைய இயங்குதளங்கள் அனைத்திலும் அந்த முறையே சிறு மாற்றங்களுடன் வழங்குகிறது.

சர்வர் நிரல் செயல்படும் வரிசை

டி.சி.பி. வகைச் சர்வர் நிரல் நான்கு படிகளில் தயாராகிறது.

1. சாக்கெட்: புதிய தொடர்பு முனை ஒன்றை இயங்குதளத்திடம் கேட்டுப் பெறுதல். இந்நிலையில் அதற்கு முகவரியும் இல்லை, போர்ட் எண்ணும் இல்லை.
2. பைண்ட்: அந்த முனையை ஒரு முகவரியுடனும் போர்ட் எண்ணுடனும் பிணைத்தல்.
3. லிசன்: இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு மாற்றுதல்.
4. அக்செப்ட்: வந்த இணைப்பை ஏற்றுக்கொள்ளுதல். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு புதிய சாக்கெட் உருவாகும். பழைய சாக்கெட் அடுத்த இணைப்புக்காகத் தொடர்ந்து காத்திருக்கும்.

இக்கட்டுரையின் பொருள் இரண்டாவது படியாகும். அங்கே நிரல் கொடுக்கும் முகவரி மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

மூவகைப் பிணைப்பு

அ) எல்லா முகவரிகளும்: 0.0.0.0 என்று கொடுத்தால், “இக்கணினிக்கு உள்ள எந்த ஐ.பி.வி.4 முகவரிக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்” என்று பொருள். ஐ.பி.வி.6 முறையில் இதற்கு இணையானது இரண்டு முக்காற்புள்ளிகள் சேர்ந்த :: என்ற குறி. பின்னர் புதிதாக ஒரு பிணைய அட்டை சேர்க்கப்பட்டாலும், அதன் முகவரியும் தானாகவே இதில் அடங்கிவிடும்.

ஆ) லூப்பேக் முகவரி: 127.0.0.1 என்று கொடுத்தால், அதே கணினியில் ஓடும் நிரல்கள் மட்டுமே அந்தச் சேவையை அணுக முடியும். ஐ.பி.வி.6 முறையில் இதற்கான முகவரி ::1 ஆகும். 127 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும் இப்பயன்பாட்டுக்கே ஒதுக்கப்பட்டவை. இவை கணினியை விட்டு வெளியே பிணையத்தில் தோன்றவே கூடாது என்பது 1989-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 1122 வகுத்த விதி.

இ) குறிப்பிட்ட முகவரி: 192.168.1.10 போன்ற ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரியைக் குறித்து வரும் இணைப்புகள் மட்டும் ஏற்கப்படும். மற்ற முகவரிகளுக்கு வருபவை அந்த நிரலைச் சென்றடையா.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பள்ளியில் உள்ள சர்வர் கணினிக்கு இரண்டு பிணைய அட்டைகள் உள்ளன என்று கொள்வோம். மாணவர் ஆய்வகத்தை நோக்கிய அட்டையின் முகவரி 192.168.1.10. அலுவலகத்தை நோக்கிய அட்டையின் முகவரி 10.0.0.5. பாடக் குறிப்புகளை வழங்கும் இணையதளம் இருதரப்புக்கும் தேவை. எனவே அதை 0.0.0.0 முகவரியில் பிணைக்கலாம். மதிப்பெண் பதிவு நிரல் அலுவலகத்துக்கு மட்டும் உரியது. அதை 10.0.0.5 முகவரியில் பிணைக்க வேண்டும். மதிப்பெண்கள் சேமிக்கப்பட்டுள்ள தரவுத்தளத்தை அந்தப் பதிவு நிரலைத் தவிர வேறு யாரும் நேரடியாகத் தொடத் தேவையில்லை. இரண்டும் ஒரே கணினியில் இருப்பதால் தரவுத்தளத்துக்கு 127.0.0.1 போதும். ஒரே கணினி, மூன்று சேவைகள், மூன்று வெவ்வேறு எல்லைகள்.

இயங்குதளம் எப்படி முடிவு செய்கிறது?

ஒரு பொதி வந்து சேரும்போது, அதில் உள்ள சேருமிட முகவரியையும் சேருமிட போர்ட் எண்ணையும் இயங்குதளம் பார்க்கிறது. ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பைச் சேர்ந்ததா என்று முதலில் தேடும். புதிய இணைப்பு எனில், காத்திருக்கும் சாக்கெட்டுகளில் பொருந்துவதைத் தேடும். குறிப்பிட்ட முகவரியில் பிணைந்த சாக்கெட் இருந்தால் அதற்கே முன்னுரிமை. எதுவும் பொருந்தாவிட்டால், இணைப்பை மறுக்கும் டி.சி.பி. பொதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத்தான் பயனர் “இணைப்பு மறுக்கப்பட்டது” என்ற செய்தியாகத் திரையில் காண்கிறார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மறுப்பு இயங்குதளத்தின் அளவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சர்வர் நிரலுக்கு அப்படி ஒரு முயற்சி நடந்ததே தெரியாது. நிரலில் கடவுச்சொல் சோதனை பலவீனமாக இருந்தாலும், பிழை ஏதேனும் ஒளிந்திருந்தாலும், அதைத் தொடும் வாய்ப்பே வெளியாருக்குக் கிடைப்பதில்லை. பாதுகாப்பு நோக்கில் பிணைப்பின் பயன் இதுவே.

ஒரே போர்ட், பல நிரல்கள்

ஒரு போர்ட்டை ஒரு நிரல்தான் பயன்படுத்த முடியும் என்று பலரும் எண்ணுவதுண்டு. உண்மையில் முகவரியும் போர்ட்டும் சேர்ந்த இணைதான் தனித்தன்மை உடையதாக இருக்க வேண்டும். 192.168.1.10 முகவரியின் 80-ஆம் போர்ட்டில் ஒரு நிரலும், 192.168.1.11 முகவரியின் 80-ஆம் போர்ட்டில் வேறொரு நிரலும் ஒரே கணினியில் இயங்கலாம். ஆனால் முதல் நிரல் 0.0.0.0 என்று எல்லா முகவரிகளையும் எடுத்துக்கொண்டால், லினக்ஸில் பொதுவாக இரண்டாவது நிரலுக்கு இடம் கிடைக்காது.

உபுண்டு பயனர்கள் இதை அடிக்கடி நேரில் சந்திப்பார்கள். அதில் சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சேவை 127.0.0.53 முகவரியின் 53-ஆம் போர்ட்டில் முன்பே காத்திருக்கும். அக்கணினியில் புதிதாக ஒரு டி.என்.எஸ். சர்வரை நிறுவி 0.0.0.0 முகவரியில் பிணைக்க முயன்றால், “முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது” என்று பிழை வரும். புதிய சர்வரை பிணைய அட்டையின் முகவரியில் மட்டும் பிணைத்தால் இரண்டும் சிக்கலின்றி இயங்கும்.

இணையதளங்களின் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. தொடக்கத்தில் ஒரே கணினியில் பல தளங்களை நடத்த, தளத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. எச்.டி.டி.பி. 1.1 முறையில் உலாவியே தளத்தின் பெயரையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியபின் அத்தேவை குறைந்தது. மறையாக்கப்பட்ட தளங்களுக்கு 2003-இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.ஐ. என்ற வசதி பரவலானபின், அவையும் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது.

கவனக்குறைவின் விலை

பல மென்பொருள்கள் ஒரு காலத்தில், நிறுவியவுடன் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. உடனே வேலை செய்ய வேண்டும் என்ற எளிமைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. உள்பிணையத்தில் மட்டும் இயங்கும் என்று எண்ணி எழுதப்பட்ட மென்பொருள், இணையத்துடன் நேரடியாக இணைந்த கணினியில் நிறுவப்பட்டபோது சிக்கல் தொடங்கியது.

மோங்கோடிபி என்ற தரவுத்தளம் 27017 என்ற போர்ட்டில் இயங்குவது. 2016-இன் இறுதியிலும் 2017-இன் தொடக்கத்திலும், கடவுச்சொல் இன்றி இணையத்துக்குத் திறந்து கிடந்த பல்லாயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களை மர்ம ஆட்கள் அழித்துவிட்டு, தரவு வேண்டுமானால் பணம் தருமாறு குறிப்பு எழுதி வைத்தனர். இதற்கு நுட்பமான ஊடுருவல் எதுவும் தேவைப்படவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே சென்றனர். அந்த மென்பொருளின் லினக்ஸ் தொகுப்புகள் 2.6 பதிப்பிலிருந்தே 127.0.0.1 முகவரியை இயல்பாகக் கொண்டிருந்தன. ஆனால் பழைய பதிப்புகளும் வேறு வழிகளில் நிறுவப்பட்டவையும் திறந்தே இருந்தன. 2017 நவம்பரில் வந்த 3.6 பதிப்பில்தான் எல்லா வகை நிறுவல்களுக்கும் இந்த ஏற்பாடு பொதுவாக்கப்பட்டது.

மெம்கேஷ்டு என்ற தற்காலிக நினைவகச் சேவையின் கதை வேறு வகையானது. அது 11211 என்ற போர்ட்டில், யு.டி.பி. முறையிலும் எல்லா முகவரிகளிலும் காத்திருந்தது. யு.டி.பி. பொதியில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத முடியும். தாக்குபவர், தான் தாக்க விரும்பும் கணினியின் முகவரியை அனுப்புநராக எழுதிச் சிறு கோரிக்கையை அனுப்புவார். மெம்கேஷ்டு அதற்கான பெரிய விடையை அந்த அப்பாவிக் கணினியின் மீது கொட்டும். 15 பைட் கோரிக்கைக்கு 750 கிலோபைட் வரை விடை வந்ததாக கிளவுட்ஃபிளேர் நிறுவனம் பதிவு செய்தது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது இவ்வாறு வினாடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குப் பொதிகள் குவிந்தன. தளம் சில நிமிடங்கள் முடங்கியது. 1.5.6 பதிப்பில் மெம்கேஷ்டு யு.டி.பி. வசதியை இயல்பாக நிறுத்தி வைத்தது.

முதல் நிகழ்வில் இழப்பு கவனக்குறைவாக இருந்தவருக்கே நேர்ந்தது. இரண்டாவது நிகழ்வில் ஒருவரின் கவனக்குறைவு மற்றொருவரைத் தாக்கும் ஆயுதமாகிவிட்டது.

இயல்பான அமைப்புகள்

புதிய மென்பொருளைப் பயன்படுத்தும் மாணவர், அது இயல்பாக எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சில பொதுவான எடுத்துக்காட்டுகள்:

• போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்: அதே கணினி மட்டும், போர்ட் 5432.
• ஜாங்கோ சோதனைச் சர்வர்: 127.0.0.1, போர்ட் 8000.
• ஃபிளாஸ்க் சோதனைச் சர்வர்: 127.0.0.1, போர்ட் 5000.
• பைத்தானுடன் வரும் எளிய கோப்புச் சர்வர்: எல்லா முகவரிகளும், போர்ட் 8000.
• நோட் ஜேஎஸ்: முகவரி எதுவும் குறிப்பிடாவிட்டால் எல்லா முகவரிகளும்.

பைத்தான் சாக்கெட்டில் முகவரிக்குரிய இடத்தை வெற்றுச் சரமாக விட்டால் அது 0.0.0.0 என்றே கொள்ளப்படும். ஒன்றும் எழுதாமல் விடுவது “யாருக்கும் இல்லை” என்று பொருள்படாது, “எல்லோருக்கும்” என்று பொருள்படும் என்பதை நினைவில் வைத்தல் நலம்.

அடிக்கடி ஏற்படும் குழப்பங்கள்

முதல் குழப்பம்: பிணைப்பு முகவரி என்பது யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் அன்று. மைஎஸ்கியூஎல் அமைவுக் கோப்பில் பிணைப்பு முகவரி என்ற இடத்தில், அணுக வேண்டிய பயனரின் கணினி முகவரியைச் சிலர் எழுதிவிடுவார்கள். சர்வர் தொடங்காது. அவ்விடத்தில் சர்வர் கணினியின் சொந்த முகவரிதான் வர வேண்டும். பிணைப்பு எந்த வாசலைத் திறப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த வாசலில் யாரை அனுமதிப்பது என்பதைத் தீர்மானிப்பவை ஃபயர்வால் எனப்படும் தீச்சுவரும் நிரலின் அனுமதி விதிகளும் ஆகும்.

இரண்டாவது குழப்பம்: கணினியிடம் இல்லாத முகவரியில் பிணைக்க முயல்வது. அமேசானின் ஈ.சி.2 சேவையில் வாடகைக்கு எடுக்கும் கணினியின் பொது ஐ.பி.வி.4 முகவரி அதன் பிணைய அட்டையில் இருப்பதில்லை. வெளியே முகவரி மாற்றம் செய்யப்பட்டு, பொதி அதன் தனி முகவரிக்கு வந்து சேர்கிறது. ஆகவே பொது முகவரியில் பிணைத்தால், லினக்ஸில் 99 என்ற எண்ணுடைய பிழை கிடைக்கும். தனி முகவரியிலோ 0.0.0.0 முகவரியிலோதான் பிணைக்க வேண்டும்.

மூன்றாவது குழப்பம்: சர்வரை நிறுத்திவிட்டு உடனே தொடங்கினால் “முகவரி பயன்பாட்டில் உள்ளது” என்று லினக்ஸில் 98-ஆம் எண் பிழை வருவது. முடிந்துபோன டி.சி.பி. இணைப்புகளின் பதிவை லினக்ஸ் சுமார் 60 வினாடிகள் வைத்திருப்பதே காரணம். பைண்ட் செய்யும் முன் ரியூஸ் அட்ரஸ் என்ற தெரிவை இயக்கினால் இது தீரும். அப்போதும் பிழை வந்தால், பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

நான்காவது குழப்பம்: டாக்கர் கொள்கலன்கள். கொள்கலனுக்கு உள்ளே தனியான லூப்பேக் இடைமுகம் இருக்கிறது. எனவே கொள்கலனுக்குள் ஓடும் நிரல் 127.0.0.1 முகவரியில் பிணைந்தால், அந்தக் கணினியிலிருந்துகூட அதை அணுக முடியாது. உள்ளே 0.0.0.0 என்றுதான் பிணைக்க வேண்டும். எல்லையை வகுக்க வேண்டிய இடம் போர்ட்டை வெளியே திறக்கும் அமைப்பாகும். அங்கே 8080:80 என்று மட்டும் எழுதினால் அது எல்லா முகவரிகளிலும் திறக்கும். 127.0.0.1:8080:80 என்று எழுதினால் அதே கணினிக்கு மட்டும் திறக்கும்.

ஐந்தாவது குழப்பம்: லினக்ஸில் :: முகவரியில் பிணைத்தால், இயல்பான அமைப்பில் ஐ.பி.வி.4 இணைப்புகளும் அதன்வழியே உள்ளே வரும். விண்டோஸில் அவ்வாறு வருவதில்லை. ஒரு கணினியில் சோதித்துப் பார்த்த நிரல் மற்றொன்றில் வேறுவிதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

பிணைப்பின் வரம்புகள்

முகவரியுடன் பிணைப்பதும் பிணைய அட்டையுடன் பிணைப்பதும் ஒன்றல்ல. லினக்ஸ் இயல்பாக, தன் எந்த அட்டையின் வழியே வந்தாலும், பொதியில் உள்ள சேருமிட முகவரி தன்னுடையது என்றால் ஏற்றுக்கொள்ளும். முன்னர்க் கண்ட பள்ளியின் கணினியில் லினக்ஸ் இருந்தால், ஆய்வகத்தில் உள்ள விவரமறிந்த மாணவர் ஒருவர் தன் கணினியில் வழித்தடத்தை மாற்றியமைத்து, 10.0.0.5 முகவரிக்குரிய பொதியை 192.168.1.10 அட்டையின் வழியே அனுப்ப முடியும். மதிப்பெண் பதிவு நிரல் அதை ஏற்றுவிடும். அலுவலக முகவரியில் பிணைத்தாயிற்று என்பதால் மட்டும் ஆய்வகத்துக்கு அது எட்டாது என்று இருந்துவிட முடியாது. இதைத் தடுக்க, ஆய்வக அட்டையின் வழியே வரும் அத்தகைய பொதிகளைத் தள்ளும் தீச்சுவர் விதி தேவை. அல்லது பைண்ட் டு டிவைஸ் என்ற லினக்ஸ் தெரிவினால் சாக்கெட்டை அட்டையுடனேயே இணைக்கலாம். விண்டோஸ் விஸ்டா முதலான பதிப்புகள் இவ்விஷயத்தில் இயல்பாகவே கண்டிப்பானவை.

லூப்பேக் முகவரியின் நிலை இதைவிட உறுதியானது. வெளியிலிருந்து 127.0.0.1 என்ற சேருமிடத்துடன் வரும் பொதியை லினக்ஸ் இயல்பாகவே தள்ளிவிடும். ஆனால் அதே கணினியைப் பயன்படுத்தும் பிற பயனர்களையும் நிரல்களையும் அது தடுக்காது. எனவே 127.0.0.1 முகவரியில் இயங்கும் தரவுத்தளத்துக்கும் கடவுச்சொல் வேண்டும்.

சரிபார்க்கும் முறை

அமைவுக் கோப்பில் எழுதியிருப்பது வேறு, உண்மையில் நடப்பது வேறாக இருக்கக்கூடும். லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளையும், விண்டோஸில் நெட்ஸ்டாட் என்ற கட்டளையும் காத்திருக்கும் சாக்கெட்டுகளைப் பட்டியலிடும். அதில் கணினியின் சொந்த முகவரியைக் காட்டும் பகுதியை இவ்வாறு படிக்க வேண்டும்:

0.0.0.0:80 — எல்லா ஐ.பி.வி.4 முகவரிகளிலும் திறந்துள்ளது.
127.0.0.1:3306 — இக்கணினிக்கு மட்டும்.
10.0.0.5:8080 — அலுவலக முகவரியில் மட்டும்.
[::]:22 — எல்லா ஐ.பி.வி.6 முகவரிகளிலும் திறந்துள்ளது.

பட்டியலில் 0.0.0.0 அல்லது [::] என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும், “இதை வெளியிலிருந்து யார் அணுகத் தேவை?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். யாரும் இல்லை என்றால் 127.0.0.1 போதும். உள்பிணையத்தினர் மட்டும் என்றால் உள்பிணைய முகவரி போதும். தொலைவில் இருக்கும் நிர்வாகி ஒருவருக்கு எப்போதாவது தரவுத்தளம் தேவைப்பட்டால், அதற்காக அதை வெளியே திறக்க வேண்டியதில்லை. எஸ்.எஸ்.எச். சுரங்கவழியில் சர்வர் கணினிக்குள் வந்து, 127.0.0.1 முகவரியிலேயே அதை அணுகலாம். மாற்றம் செய்தபின் சர்வர் நிரலை மறுபடி தொடங்கி, பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்ப்பதும், வேறொரு கணினியிலிருந்து இணைய முயன்று மறுக்கப்படுகிறதா என்று உறுதி செய்வதும் அவசியம்.